305 என்று எழுதிய வரைபடம்: கொடுத்தவர்கள், செய்து பார்த்தவர்கள் அனுபவம்

செந்தூல்வாசி

வணக்கம். மேசை, அலமாரி, வீட்டுச் சின்ன வேலை என்று எதற்காவது வரைபடம் போட்டு இணையத்தில் இலவசமாகக் கொடுத்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வாங்கிச் செய்து பார்த்தவர்கள் அதைவிட அதிகம். நடந்ததை எழுதுங்கள், நல்லதும் கெட்டதும். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தச்சன் இல்லை. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வீட்டோடு இருந்த நாட்களில்தான் மரவேலை பழகினேன். அலாஸ்காவில் இருந்தபடி அனா ஒயிட் இலவசமாகத் தரும் வரைபடங்களைப் பார்த்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. எந்தப் பலகை எத்தனை, எந்த நீளத்தில் அறுப்பது என்று ஒரு பட்டியலே போட்டிருப்பார். சமையல் குறிப்பு படிக்கத் தெரிந்தவர்கூட அதைப் பார்த்துச் செய்துவிடலாம்.

அந்த வருட நவராத்திரிக்கு அம்மா கொலு வைக்க ஆசைப்பட்டார். தோட்டத்து வீட்டில் இருந்த பழைய படி, நாங்கள் கோலாலம்பூருக்குக் குடி வந்தபோது அங்கேயே நின்றுபோனது. இப்போதிருப்பது அடுக்குமாடி வீடு, நிரந்தரமாகப் படி போட்டு வைக்க இடமில்லை. அதனால் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி ஐந்து படி யோசித்தேன். சட்டங்கள் மெரந்தி மரத்தில். படிகளுக்கு 18 மி.மீ. பிளைவுட், நாலுக்கு எட்டு அடியில் ஒன்றே ஒன்று. அதன் அகலம் 1220 மி.மீ. நான்காகப் பிரித்தால் 305. நீளவாக்கில் நான்கு பட்டை, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டினால் எட்டுப் பலகை. ஐந்து கொலுவுக்கு, மிச்சத்தில் சாமி மேடைக்கு மேலே ஒரு தட்டு. கணக்குச் சரியாக வந்தது. அம்மா பொம்மைகளை அடுக்கிவிட்டுப் பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்தே இருந்தார். அந்தச் சந்தோஷத்தில் வரைபடத்தைச் சுத்தமாக வரைந்து எல்லாருக்கும் கொடுத்தேன்.

அடுத்த வருடம் பினாங்கிலிருந்து ஓர் அம்மா எழுதினார். "தம்பி, உங்க படம் பார்த்து என் வீட்டுக்காரர் செஞ்சாரு. எல்லாம் நல்லா இருக்கு, மேல் படி மட்டும் சட்டத்துல உக்கார மாட்டேங்குது, முன்னும் பின்னும் ஆடுது. கலசம் வைக்கப் பயமா இருக்கு." அவர்கள்தான் தவறாக அறுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவர் பலகையை அளந்து படம் அனுப்பினார். 296.

டேப்பை எடுத்துக்கொண்டு சாமி மேடைத் தட்டை அளந்தேன். ஊதுவத்திப் புகை படிந்து ஓரம் பழுப்பாகியிருந்தது. அதுவும் 296.

ரம்பத்துக்கும் ஒரு தடிமன் உண்டு. கடை மெஷினின் பிளேடு 3 மி.மீ. மூன்று முறை அறுத்தால் 9 மி.மீ. தூளாகப் போய்விடும். அந்த 9 மி.மீ. முழுவதும் கடைசிப் பட்டையின் தலையில் விழுந்திருக்கிறது. என் வீட்டில் அந்தப் பட்டை தட்டாகப் போனதால் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அது மேல் படியானது.

வரைபடம்தான் இலவசம், பிளைவுட்டுக்கு அவர் காசு கொடுத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகக் கொடுத்திருக்கிறார். "சும்மா கொடுத்ததுதானே" என்று நான் ஒதுங்க முடியாது. அன்றிலிருந்து யாருக்கு என்ன கொடுத்தாலும், நான் செய்தபோது எது தப்பாகப் போனது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏழாம் மாடி, ஜெலுத்தோங்

அண்ணா, உங்கள் கதையில் ஆட்டம் கண்டது பலகை, என் கதையில் சுவர்.

பையனின் புத்தகங்களுக்குச் சுவர் அலமாரி அடிக்க வேண்டும். இலவச வரைபடம் ஒன்று கிடைத்தது, அமெரிக்கக்காரர் போட்டது. மரவேலைப் பகுதி தெளிவாக இருந்தது, ஒரே நாளில் செய்து முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில், சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து அதில் திருகாணியை முடுக்குங்கள் என்று இருந்தது. சட்டத்தைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றையும் வாங்கி வந்து சுவர் முழுக்கத் தேய்த்தேன். அது தேய்த்த இடத்தில் எல்லாம் கத்தியது. நான் வேறு சாதாரண டிரில்லை வைத்து முக்கால் மணி நேரம் போராடி, ஒரு சின்னக் குழி மட்டும் போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் எங்கள் வட்டார ஹார்ட்வேர் கடைச் சீன அங்கிளிடம் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு, "அடிக், இது அவங்க ஊர்ச் சுவர். உள்ளே மரம், மேலே அட்டை. உன் வீட்டுச் சுவர் பத்து" என்றார். பத்து என்றால் மலாயில் கல். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. சுத்தியல் டிரில், 6 மி.மீ. பிட், 6 மி.மீ. பிளக் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் எந்த வரைபடத்திலும் பார்த்ததில்லை: துளையிலிருந்து கொட்டுகிற தூளைப் பார்.

முதலில் சாம்பல் நிறத் தூள் வரும், அது மேல்பூச்சு. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போனதும் சிவப்பாகக் கொட்டும், அதுதான் செங்கல். பிளக் அந்தச் சிவப்புக்குள் போய் உட்கார வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் புத்தகம் வைத்த அன்றைக்கே பெயர்ந்துகொண்டு வந்துவிடும். கடைசி வரை சாம்பலாகவே வந்தால் அது கான்கிரீட்டாக இருக்கலாம், கான்கிரீட் என்றால் சாதாரண டிரில்லுக்கு அசையாது. கீழே ஒரு பழைய கடித உறையை மடித்து ஒட்டித் தூளைப் பிடித்துப் பார்த்தேன். சாம்பல், சாம்பல், திடீரென்று நல்ல மிளகாய்த்தூள் நிறம். அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

இப்போது என் அலமாரி வரைபடத்தை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுவர்தான் இருக்கிறது.

பட்டர்வொர்த் ஐயா

தம்பி, தங்கச்சி இருவருக்கும் வாழ்த்து. முப்பது வருடத்துக்கு மேல் தச்சு வேலை பார்த்தவன் நான். இப்போது கண் ஒத்துழைப்பதில்லை, பேரன்தான் தட்டச்சு செய்கிறான்.

இணையத்தில் வருகிற வரைபடங்களைப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது மரத்தின் அளவு. அமெரிக்கக்காரர் "ரெண்டுக்கு நாலு" என்று எழுதினால் அது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். உலர்த்தி இழைத்த பிறகு நிற்கிற அளவு அதுதான், பெயர் மட்டும் பழைய பெயர். இங்கே பலகைக் கடையில் இழைக்காத மரம் கேட்டால் ஏறக்குறைய முழு இரண்டு அங்குலம் வரும். இழைத்தது கேட்டால் குறையும், எவ்வளவு குறையும் என்பது கடைக்குக் கடை மாறும். வரைபடத்தில் இருக்கும் இழுப்பறையை அப்படியே செய்து, பக்கச் சட்டத்தை மட்டும் நம் மரத்தில் போட்டால், இரண்டு பக்கமும் அரை அரையாக ஓர் அங்குலம் உள்ளே குறைந்துவிடும். இழுப்பறை நுழையாது. மரத்தை வாங்கி வந்து, அளந்து, அப்புறம் வரைபடத்தைத் திருத்துங்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் அறுத்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, ஈரம். அவர்கள் ஊரில் வீட்டுச் சாமானுக்கு எடுக்கிற மரத்தில் ஈரம் 6 முதல் 8 விழுக்காடு. நம் காற்றில் உலர்ந்த மரத்தில் அது 15 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அந்த மரத்தில் மேசை செய்து ஏர்கோன் அறையில் வைத்தால் சுருங்கும், அதுவும் அகலவாக்கில்தான் சுருங்கும், நீளத்தில் ஒன்றும் தெரியாது. மேல் பலகையைப் பசை போட்டு நான்கு பக்கமும் இறுக்கச் சொல்லியிருந்தால் அதைச் செய்யாதீர்கள். சட்டத்தில் திருகாணித் துளையை நீளமாக இழுத்துவிட்டு, மரம் நகர வழி கொடுங்கள். என் மூத்த மகள் வீட்டு மேசை அப்படிச் செய்ததுதான், இன்னும் ஒரு கீறல் விடவில்லை. வாங்கிய மரத்தை, அது இருக்கப் போகிற அறையிலேயே இரண்டு வாரம் கட்டை வைத்து அடுக்கி வைத்தாலும் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்ன மரம் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைச் சொல்வேன். என் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். விடியற்காலையில் மங்கு கவிழ்க்க நானும் கூடப் போயிருக்கிறேன். அந்த மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்துவிட்டு, பால் குறைந்ததும் வெட்டப்படும். முன்பெல்லாம் விறகாக எரித்தார்கள். இன்று நாட்டின் மேசை நாற்காலி ஏற்றுமதியில் பெரும்பங்கு அந்த மரம். வெட்டிய உடனே போரான் மருந்து ஏற்றாவிட்டால் வண்டும் பூஞ்சையும் விடாது, ஆகவே மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். வெளுத்த நிறம், இழைக்க மிருதுவாக வரும். அதில் செய்த ஸ்டூலில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அம்மா நினைவு வரும்.

கெப்போங் பையன்

ஐயா எழுதியதைப் படித்து என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

என்னுடையது சின்னது. சரக்கு அடுக்கி அனுப்பும் பேலட் மரத்தில் பூத்தொட்டி நிறுத்தி செய்யும் வரைபடம் ஒன்று பகிர்ந்தேன். நிறைய பேர் செய்தார்கள். ஒருவர்தான் கேட்டார், பேலட்டில் இருக்கும் முத்திரையைப் பார்த்தீர்களா என்று. பார்த்ததில்லை. கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்கும். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாதவற்றையும் நான் இப்போது எடுப்பதில்லை. வரைபடத்தின் தலைப்புக்குக் கீழேயே அதைச் சேர்த்துவிட்டேன்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துப் புதிர் செய்தேன். அ முதல் ஔ வரை, மரத்தில் வெட்டித் தட்டில் பொருத்துவது. நேரளவு அச்சு என்பதால் காகிதத்தைப் பலகையில் ஒட்டி அப்படியே அறுக்கலாம். கோலாலம்பூரில் ஒரு டீச்சர் அதை எடுத்துச் செய்தார். தட்டை ஓர் இடத்திலும் எழுத்துகளை இன்னோர் இடத்திலும் அச்செடுத்திருக்கிறார். எழுத்து ஒன்றும் உட்காரவில்லை. நான் எடுத்த அடிப்படை அமெரிக்கக் காகித அளவில் இருந்தது, அகலம் 216 மி.மீ. நம் ஏ4 அகலம் 210. ஓர் இயந்திரம் "பக்கத்துக்குப் பொருத்து" என்று சுருக்கிவிட்டது, இன்னொன்று சுருக்கவில்லை. ஈயின் சுழி மட்டும் எப்படியோ நுழைந்ததாம்.

இப்போது ஒவ்வொரு தாளின் மூலையிலும் 50 மி.மீ. கோடு ஒன்று போட்டிருக்கிறேன். அச்செடுத்ததும் அளவுகோலை வைத்துப் பாருங்கள், 50 இல்லையென்றால் அறுக்காதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா

எனக்கு நடந்தது வேறு மாதிரி. பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்த காலத்தில், சுவரோடு மடங்கும் படிப்பு மேசை ஒன்று வரைந்து கொடுத்தேன். சில மாதம் கழித்து அதே வரைபடம், என் பெயரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, 15 ரிங்கிட்டுக்கு விற்பனைக்கு இருந்தது. என் மகள் கையெழுத்தில் எழுதிய "ஜாக்கிரதை, விரல்" என்ற வரியைக்கூட அப்படியே விட்டிருந்தார்கள். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. காசுக்காக இல்லை. காசில்லாத ஒருவருக்கு என்று கொடுத்தது, காசுள்ளவருக்கு மட்டும் என்று ஆனதுதான் வலித்தது.

அப்போது ஒரு நண்பர் என்சோ மாரியைப் பற்றிச் சொன்னார். இத்தாலிய வடிவமைப்பாளர், 2020-இல் இறந்துபோனார். 1974-இல் மேசை, நாற்காலி, கட்டில் எல்லாம் சாதாரணப் பலகையும் ஆணியும் கொண்டு செய்கிற மாதிரி வரைந்து, தபால் செலவை அனுப்பியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் தனக்காகச் செய்துகொள்ளலாம், தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் மட்டும் கூடாது. செய்து முடித்தவர்கள் தனக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கொடுக்கும்போதே வரம்பைச் சொல்லிவிட்டார். நான் சொல்லவே இல்லை.

இப்போது என் எல்லா வரைபடத்திலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போடுகிறேன்: பெயரைச் சொல்லி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்பனைக்கு இல்லை. பெயரை ஓரத்தில் போடாமல் படத்தின் நடுவிலேயே, அளவுக் கோட்டின் மேல் எழுதுகிறேன். விற்கிறவரை அது தடுத்துவிடும் என்று சொல்லவில்லை. வாங்கப் போகிறவருக்காவது, இது எங்கோ இலவசமாகக் கிடைக்கிறது என்று தெரியும்.

செந்தூல்வாசி

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் மடக்கு மேசையைத்தான் என் தம்பி வீட்டில் செய்திருக்கிறோம், "ஜாக்கிரதை, விரல்" என்ற வரியோடு சேர்த்து. படம் அனுப்புகிறேன்.

பட்டர்வொர்த் ஐயா, கொலுச் சட்டத்துக்கு நான் எழுதிய மெரந்தி அளவும் கடையில் கேட்ட பெயரளவுதான், அளந்த அளவு இல்லை. நேற்று அளந்து மாற்றிவிட்டேன். டீச்சர் சொன்ன 50 மி.மீ. கோட்டையும் மூலையில் போட்டிருக்கிறேன்.

திருத்திய கொலுப்படி வரைபடம் இன்றிரவு ஏறிவிடும். ஒவ்வொரு பட்டையும் 300 மி.மீ. நான்கு அறுப்புக்கு 12 போக, ஓரத்தில் 8 மி.மீ. மிஞ்சும், அதை எறிந்துவிடலாம். சட்டமும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. பழையதைச் சேமித்து வைத்திருப்பவர்கள், யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். இரண்டாம் பக்கத்தில் 305 என்று இருந்தால் அது பழையது.