படுக்கையில் இருக்கும் பெற்றோருக்கான செலவு: கட்டணம் கொடுத்து ஆலோசனை கேட்க வேண்டுமா?

வில்லாபுரம்வாசி: பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட 79 வயதுத் தாயாரை, பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். திருமங்கலத்தில் நிலம் விற்ற 40 லட்சம் ரூபாய் அவர் பெயரில் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. அதை என் பெயரில் பாலிசியாகப் போடச் சொல்லி வங்கி அதிகாரி ஒருவர் வற்புறுத்துகிறார். கட்டணம் வாங்கும் ஆலோசகரைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்கிறார் நண்பர். உங்கள் கருத்து என்ன?

மேலமாசிவீதி: அந்தக் கட்டணத்தில் சில மாதங்களுக்கு ஆள் சம்பளமே கொடுத்துவிடலாம். நிலையான கட்டண முறையில் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,51,000 ரூபாய் வரை வாங்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி அனுமதிக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால், 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். மீதியை வைப்புநிதியில் வையுங்கள். இதைச் சொல்ல ஓர் ஆலோசகரா?

தல்லாகுளத்தார்: ஐயா, அது மாதத்திற்கு 20,500 ரூபாய்தான். இரண்டு ஆட்களின் சம்பளமும் டயப்பரும் பிசியோதெரபியும் அதற்குள் அடங்குமா? வட்டி ஐந்தாண்டுக்கு அப்படியே நிற்க, சம்பளமோ ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏறும். மருத்துவக் காப்பீடும் பொதுவாக மருத்துவமனைச் செலவைப் பார்க்குமே தவிர, வீட்டில் ஆள் வைக்கும் செலவைப் பார்க்காது. அசலில் எப்போது, எவ்வளவு கை வைப்பது என்பதைத்தான் கணக்கிட்டுத் தரச் சொல்ல வேண்டும்.

அதைவிட முக்கியம், ஆலோசனை சொல்பவருக்குக் கூலி யாரிடமிருந்து வருகிறது என்பது. அட்டையில் ஏஆர்என் எண் இருந்தால் அவர் கமிஷன் பெறும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். ஐஎன்ஏ என்று தொடங்கும் எண் இருந்தால் செபியில் பதிந்த ஆலோசகர், அதை செபி இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். என் சித்தப்பாவிடம் 'ஒரே தடவை கட்டினால் போதும்' என்று சொல்லி நீட்டிய படிவத்தில், பிரீமியம் செலுத்தும் காலம் என்ற கட்டத்தில் 10 என்று அச்சாகியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்ததால் தப்பித்தார். உங்கள் விஷயத்தில் பணம் தாயாருடையது, பாலிசி உங்களுடையது. காப்பீடும் முதலீடும் கலந்த யூலிப் பாலிசி என்றால் ஐந்தாண்டுக்கு எடுக்கவும் முடியாது.

மேலமாசிவீதி: பாலிசி வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து திரையில் பேசுபவருக்கு, மதுரையில் இரவு ஆளுக்கு என்ன சம்பளம் என்று தெரியுமா? அதை நாம்தான் சொல்ல வேண்டும். அவர் அதைக் கூட்டிக் கழித்து நமக்கே திருப்பித் தருவார். ஒரு நல்ல ஆடிட்டரும் ஒரு நோட்டும் போதும்.

மேலூர்மகள்: அம்மா பெயரில் வீடு இருந்தால், இருவருமே அதை மறந்துவிட்டீர்கள். பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த வீட்டை எழுதி வைப்பதாக இருந்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக இருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் இப்பிரிவு பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2025இல் இன்னொரு வழக்கில், சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள்கொண்டது. வழக்குக்குப் போய்த் தெரிந்துகொள்வானேன்? அதற்கு ஆலோசகரும் ஆடிட்டரும் உதவமாட்டார்கள், வக்கீலைப் பாருங்கள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா, கையெழுத்திட முடிகிறதா?

வில்லாபுரம்வாசி: நினைவு தெளிவாக இருக்கிறது, இடது கையால் எழுதப் பழகுகிறார். ஆண்டுச் சந்தா இல்லாமல் ஒரே ஒரு திட்டத்திற்கு மட்டும் எவ்வளவு என்று இரண்டு ஆலோசகர்களிடம் கேட்கப்போகிறேன்.

மேலமாசிவீதி: கேளுங்கள். தொகையை இங்கே போடுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.