தைராய்டும் கிட்னியும் சேர்ந்து யாருக்காவது இருக்கிறதா? பினாங்கில் யாரிடம் காட்டலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்காவுக்காகக் கேட்கிறேன். அவருக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கி அதன் சுரப்பைக் குறைக்கும் நோய்) பல வருடமாக உண்டு, தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை போடுகிறார். கொஞ்ச நாளாகக் கணுக்காலில் வீக்கம், விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது, சிறுநீரில் நுரை வேறு. டெஸ்ட் எடுத்ததில் சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ், அதாவது நிறையப் போகிறது; ரத்தத்தில் கிரியேட்டினினும் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) டிஎஸ்எச்சும் (தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) ஏறியிருக்கின்றன.

கிளினிக்கில் "தைராய்டு வேறு, கிட்னி வேறு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது எப்படி? தைராய்டு குறைந்தாலே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து கிரியேட்டினின் ஏறும், மாத்திரை அளவு சரியானால் பெரும்பாலும் இறங்கிவிடும், சரி. ஆனால் இவ்வளவு புரதம் போவதற்கு அது மட்டும் காரணமாக இருக்காதே. ஹாஷிமோட்டோ உள்ள சிலருக்கு மெம்பிரனஸ் நெப்ரோபதி (கிட்னியின் வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் கசிவது) போன்ற கிட்னி நோயும் சேர்ந்து வருகிறது. அப்புறம், புரதம் நிறையப் போகும்போது தைராய்டு ஹார்மோனும் அதோடு வெளியேறி, போடுகிற மாத்திரையே பற்றாமல் போகலாம். இதில் எது முதலில் வந்தது என்றுதான் குழப்பம்.

இரண்டும் உள்ளவர்கள் சொல்லுங்கள்: பயாப்சி (கிட்னியில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) செய்தார்களா, வார்டில் தங்க வேண்டியிருந்ததா? பெரிய ஆஸ்பத்திரி கிட்னி கிளினிக்குக்குக் கடிதம் எப்படி வாங்கினீர்கள்? தனியார் என்றால் சுமார் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) ஆகும்? தமிழ் பேசும் டாக்டர் என்றால் அக்காவுக்கு இன்னும் நல்லது.

நாட்டு மருந்து மட்டும் வேண்டாங்க, அதை அம்மாவே தினம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.