5.1 ஆல்பம் போட்டா பின் ஸ்பீக்கர் ரெண்டும் பாடவே மாட்டேங்குது, உதவி ப்ளீஸ்

சூரமங்கலம்_ரசிகன்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம், ஞாயித்துக்கிழமை மாமா பசங்க எல்லாம் பாட்டு கேக்க வீட்டுக்கு வராங்க அதுக்குள்ள சரி பண்ணியாகணும். 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஆக ஆறு சேனல்) ஆல்பம் போட்டா முன்னாடி இருக்கற ரெண்டு ஸ்பீக்கர் மட்டும்தான் பாடுது, சென்டரும் பின்னாடி ரெண்டும் கம்முனு கெடக்கு. ஃபைல் 5.1தான், கம்ப்யூட்டர்ல ஆறு சேனல்னு காட்டுது. வயர் எல்லாம் டைட்டா இருக்கு. ஸ்பீக்கர் போயிருச்சா? யாராச்சும் சொல்லுங்க.

தறிச்சத்தம்:
என்ன ரிசீவர் (ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தம் பிரிச்சுக் குடுக்கற ஆம்ப்), என்ன டிவி, பாட்டு எதுல இருந்து ஓடுது, நடுவுல என்ன கேபிள்? இது எதுவும் சொல்லாம ஸ்பீக்கர் போயிருச்சான்னு கேட்டா நாங்க என்னத்தங்க சொல்றது.

மைக்செட்_அம்மாபேட்டை:
தம்பி எனக்கு வயர் மேலதான் சந்தேகம். 20 வருசத்துக்கு மேல கோயில் பண்டிகைக்கு மைக் செட் கட்டறேன், பாதி கேஸ் பிளஸ் மைனஸ் மாத்திக் கட்டுனதுதான். ஆம்ப்ல இருந்து வயரைக் கழட்டிட்டு 1.5 வோல்ட் டார்ச் பேட்டரிய ஸ்பீக்கர் வயர் முனைல ஒரு செகண்ட் தொட்டுப் பாருங்க, பிளஸ்ல பிளஸ் வெச்சா கோன் வெளிய தள்ளணும், உள்ள போச்சுன்னா மாறியிருக்கு.

தறிச்சத்தம்:
அண்ணா, மாத்திக் கட்டுனா பேஸ் குறையும், சத்தம் கலங்கும், சுத்தமா ஊமை ஆகாதுங்களே. அதும் மூணு ஸ்பீக்கர் ஒண்ணா.

ரெண்டுகாது:
இந்த மாதிரி கேள்விக்கு இங்க பத்து தடவை பதில் சொல்லியாச்சு, தேடிப் பாக்கற பொறுமை யாருக்கும் இல்ல. சரி, அடிப்படையச் சொல்றேன். பாடகர் நம்ம முன்னாடி நின்னு பாடறார், அதுக்கு ரெண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். அஞ்சு டப்பாவுக்குப் பிரிச்சுச் செலவு பண்ற காசை ரெண்டுல போட்டிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. முதல்ல ஸ்டீரியோவ ஒழுங்கா கேட்டுப் பழகுங்க.

சூரமங்கலம்_ரசிகன்:
சாரி சாரி, பாட்டு எல்லாம் ஃப்ளாக் ஃபைல் (தரம் குறையாம சுருக்குன ஆடியோ), பென்டிரைவ்ல போட்டு டிவில சொருகி ஓட்டறேன், டிவில இருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள். ஆனா படம் பாத்தா பின் ஸ்பீக்கர் சூப்பரா வருது, மழை பெய்யற சீன்ல வீட்டுக்குள்ளயே பெய்யற மாதிரி இருக்கு. பாட்டுக்கு மட்டும்தான் இப்படி.

தறிச்சத்தம்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! படத்துக்கு வருதுன்னா ஸ்பீக்கர், வயர், ரிசீவர் எல்லாம் நல்லாருக்கு. விஷயம் என்னன்னா படத்துல இருக்கறது டால்பி டிஜிட்டல், அதை டிவி பிரிக்காம சுருக்குன கட்டாவே ஆப்டிகல்ல அனுப்பிடும், ரிசீவர் பிரிச்சு ஆறு சேனலாக்கிக்கும். ஃப்ளாக் அப்படி இல்ல, டிவியே பிரிச்சு பிசிஎம்மா (சுருக்காத டிஜிட்டல் ஆடியோ) மாத்தித்தான் அனுப்பணும், ஆப்டிகல்ல பிசிஎம் ரெண்டு சேனலுக்கு மேல போகாது, அதனால டிவி ஆறையும் ரெண்டுக்குள்ள அமுக்கி அனுப்புது. இப்ப பாட்டு ஓடும்போது ரிசீவர் டிஸ்ப்ளேல என்ன வருதுன்னு பாருங்க, பிசிஎம்னு இருந்தா இதேதான்.

புதுஆள்_ஜங்ஷன்:
ப்ரோ அப்ப ஆப்டிகலைத் தூக்கிட்டு எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள்லயே ரிசீவருக்கு அனுப்பற வழி) போட்டா முடிஞ்சுது, கேபிள் ஒண்ணு வாங்குங்க.

தறிச்சத்தம்:
முடியாதுங்க, சாதா ஏஆர்சிலயும் பிசிஎம் ரெண்டு சேனல்தான். அதோட புது வகை இஏஆர்சின்னா ஆறும் போகும், ஆனா அதுக்கு டிவி ரிசீவர் ரெண்டுலயும் இஏஆர்சி இருக்கணும், டிவியோட பிளேயரும் ஃப்ளாக்கை ஆறு சேனலா பிரிச்சுத் தரணும். காசு செலவில்லாத வழி, லேப்டாப்ல இருந்து எச்டிஎம்ஐய ரிசீவரோட இன்புட்லயே நேரா குத்துங்க, டிவி நடுவுல வேண்டாம். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ல ஸ்பீக்கர் 5.1னு மாத்த மறந்துடாதீங்க. லேப்டாப் இல்லன்னா ஃபைலை 640 கேபிபிஎஸ் டால்பி டிஜிட்டலா மாத்தி ஒரு போட்டோவோட சேத்து வீடியோ ஃபைலாக்கி பென்டிரைவ்ல போடுங்க, டிவில டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம்னு இருந்தா ஆட்டோவுக்கு மாத்துங்க. டால்பி மாதிரியே இன்னொரு ஃபார்மட்டான டிடிஎஸ்ஸா மாத்தாதீங்க, சில டிவி டிடிஎஸ்ஸை வெளியவே விடாது.

ரெண்டுகாது:
இவ்வளவு கஷ்டப்பட்டு கேக்கப்போறது என்ன, யாரோ ஒரு எஞ்சினியர் கிடாரைத் தூக்கி நம்ம முதுகுக்குப் பின்னாடி வெச்சதை. அது இசையில்ல.

மைக்செட்_அம்மாபேட்டை:
சார் அப்படிச் சொல்லாதீங்க. ஆடிப் பண்டிகைக்கு கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்து நடுவுல நின்னு பாருங்க, பம்பை முன்னாடி மட்டுமா கேக்குது? நாலு பக்கமும் அடிச்சு நெஞ்சு அதிரும். நம்ம ஊரு இசையே சுத்தி நின்னு கேட்டதுதான்.

ஏற்காடு_காப்பித்தோட்டம்:
இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃப்ளாய்டோட 1973 ஆல்பம் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'ல கடிகாரம் எல்லாம் ஒண்ணா அடிக்குமே, அந்தச் சத்தத்தை சவுண்ட் எஞ்சினியர் ஆலன் பார்சன்ஸ் நாலு ஸ்பீக்கர் குவாட்ரஃபோனிக்கைக் காட்டறதுக்குன்னே பதிவு பண்ணது. 2003ல ஜேம்ஸ் கத்ரி 5.1 மிக்ஸ் பண்ணி எஸ்ஏசிடில (சூப்பர் ஆடியோ சிடி) வந்துச்சு. ராத்திரி மூடுபனி எறங்குன பிறகு மலையில ஒரு சத்தமும் இருக்காது, அப்ப அதைப் போட்டா கடிகாரங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும். இதை இசையில்லன்னு என்னால ஒத்துக்க முடியாது.

ரெண்டுகாது:
அது அப்படியே மிக்ஸ் பண்ணது, சரி. ஆனா பாதிப் பேர் பழைய தமிழ்ப் பாட்டை ரிசீவர்ல ஆல் சேனல் ஸ்டீரியோ அமுக்கிட்டு சரவுண்டுங்கறாங்க. அது ரெண்டு சேனலையே எல்லா ஸ்பீக்கர்லயும் நகல் எடுக்குது, குரல் நடுவுல நிக்காம ரூம் பூரா அலையுது.

ஏற்காடு_காப்பித்தோட்டம்:
அதுல நான் உங்க பக்கம்தான். ஸ்டீரியோல வந்ததை ஸ்டீரியோலயே கேக்கணும்.

புதுஆள்_ஜங்ஷன்:
ரூம்ல டைல்ஸ் தரையா? எங்க வீட்டுல பாய் விரிச்சதுக்கப்புறம்தான் எதிரொலி அடங்குச்சு.

சூரமங்கலம்_ரசிகன்:
லேப்டாப் எச்டிஎம்ஐ ரிசீவர்ல நேரா குத்துனேன், டிஸ்ப்ளேல மல்ட்டி சேனல்னு வந்துச்சு, கோரஸ் பின்னாடி இருந்து வருது, அம்மாவே சமையல்கட்டுல இருந்து எட்டிப் பாத்தாங்க. ரொம்ப நன்றி தறிச்சத்தம் அண்ணா. பின் ஸ்பீக்கர் சத்தம் மட்டும் மேல எங்கியோ மிதக்குது.

தறிச்சத்தம்:
சந்தோசம்ங்க. பின் ஸ்பீக்கரை எங்க மாட்டியிருக்கீங்க, சீலிங் மூலையிலயா? நேர் முன்னாடிய பூஜ்யம்னு வெச்சா ரெண்டு பக்கமும் 110 டிகிரி, அதாவது காதுக்குக் கொஞ்சம் பின்னாடி, காது உயரத்துக்கோ ஒரு அடி மேலயோ எறக்குங்க. எறக்கிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.

தறிச்சத்தம்:
எறக்குனீங்களா?