வரைபடத் தாளில் ஒரு புள்ளி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் 2017 முதல் மகனும் மகளும் வீட்டிலேயே படித்து வருகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம் என்ற தைரியத்தில் தொடங்கிய வழி இது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது, "உங்களுக்கென்ன, எப்போதும் போலத்தானே" என்று உறவினர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். ஆனால் எங்கள் பாடத்தில் பாதி வீட்டுக்கு வெளியேதான் நடந்துகொண்டிருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையையும் நண்டு வளையையும் பார்ப்பது, முதுநகரில் மீன் ஏலத்தை நின்று கவனித்து விலையைக் கணக்கிடுவது, நூலகம், ஞாயிறு பள்ளி ஆகிய எல்லாம் ஒரே இரவில் நின்றுபோயின.

காலை ஆறரைக்குக் குடும்ப ஜெபம், பிறகு தமிழும் கணக்கும், மாலையில் பாட்டியிடம் பழைய வேட்டித் துணியில் முகக்கவசம் தைக்கக் கற்பது என்று நாட்கள் போயின. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறன்று ஆலயம் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஐயா எங்கள் வழிபாட்டைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் அது என்ன நாள் என்று நினைவு வைத்திருந்து, தம் தென்னங்கன்றிலிருந்து குருத்தை வெட்டி மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். அதை ஏந்திக்கொண்டு, பிள்ளைகள் ஓசன்னா பாடியபடி கிணற்றைச் சுற்றி வந்தார்கள். இன்றும் அந்த ஓலைச் சிலுவை எங்கள் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

அந்த நாட்களில் மகனுக்கு வரைபடம் கற்பிக்க, தினமும் மாலை சுகாதாரத் துறை வெளியிட்ட மாவட்டவாரி எண்ணிக்கையை எடுத்துக்கொண்டேன். ஏப்ரல் முழுவதும் கடலூரின் கோடு தாளின் அடியிலேயே ஊர்ந்தது. மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்குப் பரிசோதனை செய்தபோது, ஒரே நாளில் நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. தாள் போதாமல் மகன் மேலே இன்னொரு தாளை ஒட்டினான். கோடு நேர்த்தியாக வந்திருக்கிறது என்று நானும் பாராட்டினேன். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் அடுத்த தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கோயம்பேட்டில் மூட்டை தூக்கிய, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்த இளைஞரை ஆம்புலன்ஸில் அழைத்துச் சென்றிருந்தார்கள். "அம்மா, நேற்று நான் வைத்த புள்ளியில் அந்த அண்ணனும் இருக்கிறாரா?" என்று மகன் கேட்டான். இருக்கிறார் என்றேன்.

ஊரடங்கு தொடங்கியதிலிருந்து நாங்கள் நாள்தோறும் வாசித்தது 91-ஆம் சங்கீதம். பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாது என்ற வசனம் வந்ததும் மகன் நிறுத்தினான். "விழுகிற அந்த ஆயிரம் பேருக்காக யார் ஜெபிப்பார்கள்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை அவனிடம் அப்படியே சொன்னேன். என் கணவர் வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, இனி அவர்களுக்காகவே முதலில் ஜெபிப்போம் என்றார்.

அன்றிலிருந்து வரைபடத் தாளின் ஓரத்தில், எங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயர்களை மகன் எழுதத் தொடங்கினான். அந்த இளைஞரின் தாயிடம் தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்கள் அவை. காலையில் பால் பாக்கெட்டையும் இட்லி மாவையும் தகரத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்போம்; மகள் வரைந்த படம் ஒன்றும் கூடவே போகும்.

ஜூன் மாதத்தில் அந்த இளைஞர் வீடு திரும்பி, ஒரு நாள் எங்கள் வாசலுக்கு வெளியே முகக்கவசத்தோடு வந்து நின்றார். மகன் தாளை விரித்துக் காட்டினான். "இதில் நான் எது தம்பி?" என்று கேட்டார். மகன் விரல் வைத்தான். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அன்னிக்கு வெயில் ரொம்பப்பா. வண்டியில ஏறும்போது அம்மா செருப்பில்லாம ஓடி வந்தாங்க" என்றார்.