மூன்று முறை லோயர் ஆர்ம் புஷ் மாற்றியும் அதே சத்தம், கம்பெனியைப் பொறுப்பேற்க வைக்க வழி உண்டா?

நாகலூர்க்காரன்:
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறேன். கார் வாங்கி இரண்டு வருடம் நான்கு மாதம், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாரண்டி இன்னும் முடியவில்லை. முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கீழ்க் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர்) 9,000ல் ஒரு தடவை, 17,000ல் ஒரு தடவை, 26,000ல் ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. மாற்றியதும் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் வேகத்தடையில் இறங்கும்போது இடது சக்கரத்தில் டொக் என்று ஆரம்பிக்கும், பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கும். போன வாரம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினேன், நல்ல பனிமூட்டம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே பஸ் ஏறி வர, பிரேக்கை அழுத்தினேன். வண்டி தடுப்புச் சுவரைப் பார்த்து ஒரு இழு இழுத்தது. அம்மா மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தவர் சேலம் வரும் வரை விடவில்லை.

முதல் இரண்டு தடவை இலவசமாக மாற்றினார்கள். மூன்றாவது தடவை "மலை ரோட்டில் ஓட்டுகிறீர்கள், காப்பி மூட்டை ஏற்றுகிறீர்கள், இது தேய்மானம்" என்று சொல்லி 7,400 ரூபாய் பில் போட்டுவிட்டார்கள். நான் மூட்டை ஏற்றுவது ஜீப்பில்தான், இந்தக் காரில் இல்லை. ஏற்காட்டில் வீடு இருப்பவன் மலை ரோட்டில் ஓட்டாமல் வேறு எங்கே ஓட்டுவான்? இதே மாடல் வைத்திருப்பவர்கள் யாருக்காவது இப்படி இருக்கிறதா?

ஆத்தூர் வண்டி:
சார், எனக்கும் இதே மாடல், இதே இடது பக்கம். 24,000க்குள் இரண்டு தடவை மாற்றிவிட்டேன். நான் மலை ஏறியதே ஒரே ஒரு முறை, கோடை விழாவுக்கு. மற்றபடி ஆத்தூர் டு சேலம் நாலுவழிச் சாலைதான், வாரம் ஐந்து நாள். என்னிடம் "ரோடு பள்ளம்" என்றார்கள். உங்களுக்கு மலை, எனக்குப் பள்ளம்! டயரைப் பாருங்கள், எனக்கு உள்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது, வெளியே இருந்து பார்த்தால் புது டயர் மாதிரியே இருக்கும்.

கோரிமேடு மெக்கானிக்:
தம்பி, பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன், ஏற்காடு வண்டிகள்தான் அதிகம் வரும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஆர்மின் பின் புஷ்ஷுக்கு வேலை அதிகம், அது உண்மை. அதற்காக எட்டாயிரம் கிலோமீட்டரில் ரப்பர் கிழியக் கூடாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் நிலையில் இருக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். உங்களுக்கு அப்படி நடந்ததா என்று பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் புஷ் கம்பெனியில் போட்டது, அதுவும் 9,000ல் போயிருக்கிறது, அதை யோசியுங்கள். இனிமேல் கழற்றிய பழைய புஷ்ஷைக் கையோடு கேட்டு வாங்குங்கள், ரப்பர் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பதே பாதி கதையைச் சொல்லும்.

வழக்குப் போட்டவள்:
வேறொரு பொருளுக்காக நுகர்வோர் ஆணையத்துக்கு நான் போயிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே, புகார் கொடுக்கலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். வண்டிக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், இல்லையென்றால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டித் தப்பிப்பார்கள். ஒரே குறைக்காகப் பலர் இருந்தால் எல்லோர் சார்பிலும் ஒருவர், ஆணையத்தின் அனுமதியோடு, வழக்கு நடத்த 35வது பிரிவில் இடமிருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள்.

குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்பப் பெற்றுச் சரிசெய்ய வைக்கும் விதியும் (ரீகால்) 2021 ஏப்ரலில் இருந்து இருக்கிறது, ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் உரிமையாளர்கள் புகார் பதிய வேண்டும், விற்பனைக்கு ஏற்றபடி இத்தனை புகார் என்று கணக்கு உண்டு, ஒருவர் இருவர் சொன்னால் நகராது.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது குறைகளையும் செய்யும் வேலையையும் எழுதும் சீட்டு. நீங்கள் வாயால் சொன்னது எதுவும் நிற்காது. "பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நாகலூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இதைப் படித்த பிறகு இன்று பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் கார்டில் "சத்தம், சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது, இழுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாவதில் புஷ் மாற்றியதாகவே எழுதவில்லை, பொது சர்வீஸ் என்று போட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அன்று சர்வீஸ் சென்டர் ஆலோசகர் அனுப்பிய வாட்ஸப் செய்தியில் "லோயர் ஆர்ம் புஷ் மாற்றியாச்சு சார்" என்று தேதியோடு இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

ஆத்தூர் சார், ஞாயிறு காலை பத்து மணிக்கு கோரிமேடு வர முடியுமா? மெக்கானிக் அண்ணன் சம்மதித்தால் இரண்டு வண்டியையும் லிஃப்டில் ஏற்றி, இடது புஷ்ஷைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். மலை ஏறாத உங்கள் வண்டியிலும் அதே இடத்தில் கிழிந்திருந்தால், அந்தப் படத்தோடு திங்கட்கிழமையே நோட்டீஸ் அனுப்பிவிடுகிறேன்.