வழுக்கி விழுந்த அன்று புரிந்த ‘ஹேப்பி’

ஸ்டுட்கார்ட்டில் என் முதல் குளிர்காலம். ‘க்ளுக்’ என்றால் சந்தோஷம் என்று ஜெர்மன் வகுப்பில் அப்போதுதான் உருப்போட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வாசலில் உறைந்து கிடந்த தண்ணீரில் கால் வழுக்கி மடேரென்று விழுந்தேன், ரொட்டியெல்லாம் தெருவில் உருண்டது. கீழ்வீட்டுப் பாட்டி ஓடி வந்து, கையைக் காலை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு “க்ளுக் கெஹாப்ட்!” என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. விழுந்து கிடப்பவனைப் பார்த்து சந்தோஷமா என்று கேட்கிறாரே!

ஜெர்மன்காரர்களுக்கு அதிர்ஷ்டத்துக்கும் சந்தோஷத்துக்கும் ஒரே சொல்தானாம். ‘எலும்பு உடையாமல் தப்பித்தாயே, அதிர்ஷ்டம்தான்’ என்றுதான் பாட்டி சொல்லியிருக்கிறார். சரி, இது ஜெர்மன் விவகாரம் என்று பார்த்தால் ஆங்கில ‘ஹேப்பி’யும் அதே கதைதான். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘ஹாப்’, அதாவது அதிர்ஷ்டம், ஆங்கிலத்துக்குப் போய் ‘ஹேப்’ ஆனது. அதிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் வந்த ‘ஹேப்பி’க்கு முதலில் அதிர்ஷ்டசாலி என்றுதான் பொருள், மனசு குளிர்வதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டது. ‘ஹேப்பன்’, ‘பெர்ஹேப்ஸ்’, விபத்தைச் சொல்லும் ‘மிஸ்ஹேப்’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். என் விபத்துக்கும் அதிலிருந்து தப்பியதற்கும் ஒரே வேர், போங்கள்!

நம் ஊரில் ‘அவளுக்கென்ன, கொடுத்து வைத்தவள்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான் பழைய ‘ஹேப்பி’. உங்களுக்கு இப்படி ஏதாவது சொல் மாட்டியிருக்கிறதா?

பதில்:
எனக்கு மாட்டியது, அசட்டுத்தனத்தைச் சொல்லும் ஆங்கில ‘சில்லி’. எம்.ஏ. படிக்கும்போது ஒரு பழைய ஆங்கிலக் கவிதையில் ஆடுகளை ‘சில்லி’ என்று எழுதியிருந்தது. ஆட்டைப் போய் ஏன் முட்டாள் என்று திட்டுகிறார் என்று கேட்டுவிட்டேன், வகுப்பே சிரித்தது. பாவம், சூதுவாது தெரியாதது என்று அதற்குப் பொருளாம். அதற்கும் முன்னால் ‘ஸேலிக்’ என்ற வடிவில் ஆனந்தமானவர், ஆசி பெற்றவர் என்று உயரத்தில் இருந்த சொல். ஆசி பெற்றவர் அப்பாவியாகி, அப்பாவி பரிதாபமாகி, கடைசியில் அசடாகிவிட்டார். உங்கள் ஜெர்மனில் ‘ஸேலிஷ்’ இன்னும் பழைய மரியாதையோடுதான் இருக்கிறது, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

பதில்:
கேட்டேன். தலையாட்டினார். கையோடு ஒரு வாளி சரளை மணலையும் கொடுத்து, வாசலில் தூவச் சொல்லிவிட்டார்.