தலைக்கு மேல் போன பழைய விமானங்கள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லாஸ்பேட்டைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் புதுச்சேரிக்கு, சின்ன ஊர்களுக்கான அரசு விமான நிறுவனமான வாயுதூத்தின் டோர்னியர் 228 விசிறி விமானம் வந்துபோகும், 19 பேர்தான் உட்காரலாம், உடம்பு தீப்பெட்டி மாதிரி சதுரம், ஆனால் தரையில் நின்றபடியே போடும் கிரீச் சத்தத்துக்குத் தெருநாய் மொத்தமும் பதில் ஊளையிடும். வேலியோரம் நின்று கையாட்டுவோம். ஒருமுறை உள்ளேயிருந்து யாரோ திரும்பக் கையாட்டினார். அது விமானிதான் என்று நானும், இல்லை, பயத்தில் ஜன்னலைத் தட்டிய பயணி என்று அண்ணனும் இன்றைக்கு வரை சண்டை. ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர்தானே, இப்போது வரும் ஏடிஆரும் விசிறி விமானம்தான். ஜெட்டில் போக ஆசை என்றால் மீனம்பாக்கத்துக்கு பஸ் பிடி.

திருப்பாதிரிப்புலியூர்:
குட்டி என்றால் நேட் போர் விமானம்தான். காட்சிக்கு வைத்திருந்த ஒன்றின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட இல்லை. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்களை வீழ்த்தியது இந்தப் பொடிசுதான். பெயருக்கு அர்த்தம் கொசு மாதிரி ஒரு பூச்சியாம். சரி, கொசுவைச் சாதாரணமாக நினைக்காதே என்று கடலூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன.

சொல்தா வீட்டுப் பேரன்:
எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. விமானம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பெயரைச் சொன்னால் போதும், அர்த்தம் சொல்லிவிட்டுச் சிரிப்பார். நம் விமானப்படைக்கு 1953ல் வந்த பிரெஞ்சு போர் விமானம் உராகான் என்றால் சூறாவளி, இங்கே வந்ததும் அதையே இந்தியில் தூஃபானி என்று மாற்றினார்கள். பழைய விக்ராந்த் போர்க்கப்பலிலிருந்து பறந்த அலிஸே என்றால், கடலில் ஒரே திசையில் வீசும் காற்று. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் மாமரம் வேரோடு சாய்ந்தபோது, கையில் டார்ச்சோடு நின்று "இதுதான்டா உராகான், உன் படத்துல இருக்கறது இல்ல" என்றார். 2020ல் ரஃபால் வந்தது, டிவியில் ஒரே ஆரவாரம். ரஃபால் என்றால் திடீரென்று குப்பென்று அடிக்கும் காற்று, அவ்வளவுதான். "சூறாவளியில ஆரம்பிச்சவன், கடைசியில கதவு சாத்தற காத்துல வந்து நிக்கிறான் பார்" என்றார் தாத்தா.

கடலூர் ஓ.டி.:
தாத்தாவுக்கு ஒரு வணக்கம். என் கதை டியூ 142. கடற்படை விமானம், அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து வங்கக் கடலுக்கு மேல் ரோந்து போகுமே, நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி, ஆக மொத்தம் எட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டவன் மறக்கமாட்டான். சித்தப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் விடியுமுன் படகில் இருந்தபோது "தும்... தும்..." என்று ஒரு அதிர்வு, அவர் தன் இன்ஜின்தான் போச்சு என்று நினைத்து அதை நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டிருக்கிறார். இன்ஜின் நின்ற பிறகும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. படகில் இருந்த மற்றவர்கள் பேயடித்ததுபோல ஆகிவிட்டார்கள், மேலே பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அது தலையைத் தாண்டிப் போனபிறகுதான் விஷயம் புரிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் துறைமுகத்தில் அவரைப் பார்த்தாலே "என்ன, இன்ஜின் மேல போகுதா?" என்பார்கள்.

2017 மார்ச்சில் அதற்கு ஓய்வு கொடுத்து, ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிறுத்திவிட்டார்கள். அங்கே போயிருந்தபோது வயிற்றுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து வீடியோ காலில் சித்தப்பாவுக்குக் காட்டினேன், உங்க ஆளு இங்கதான் நிக்கிறான் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"அதையும் கரையில ஏத்திட்டாங்களா? அடியில கட்டை கொடுத்து வெச்சிருக்காங்களா பாரு."